ஆள் பார்த்துச் சாயும் திரை

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது, அது ஒரு காலி காஸ் சிலிண்டரில் ஆரம்பிக்கிறது, அந்த இடம் வந்ததும் யாரும் யாரையும் கேட்காமல் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு செய்த அன்றைக்கே சிலிண்டர் வந்துவிட்டதாக உலகத்தில் எந்த வீட்டிலாவது கேள்விப்பட்டதுண்டா, அதனால் அது வருகிறபோது வரட்டும், அதுவரைக்கும் நாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

கரூரிலிருந்து ஈரோடு போகிற ரோட்டில், ஜன்னல் திரைகளும் மேசை விரிப்புகளும் தைத்து ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புகிற கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு டிசைன் கல்லூரி இருந்தது. அதன் இரண்டாம் மாடியில், தறிகள் ஒரு பக்கமும் மேசைகள் ஒரு பக்கமுமாக இருந்த நீளமான ஸ்டுடியோவில் சுகிர்தா மேடம் ஸ்மார்ட் மெட்டீரியல்ஸ் என்ற பாடத்தை நடத்தினார். நாகர்கோவில்காரர், நாற்பது வயது, கல்லூரி குவாட்டர்ஸில் தனியாக இருந்தார், மதியச் சோற்றையும் தன் மேசையிலேயே தனியாகச் சாப்பிட்டார். அவர் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. கேட்டால் அவர் பாடமே அப்படித்தான். பொருள் என்பது கூப்பாடு போடக்கூடாது, கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே தான் வந்ததைத் தெரிவித்துவிட்டுத் திண்ணையிலேயே நிற்கிற விருந்தாளி மாதிரி, கடைக்கண்ணில் இருக்க வேண்டும், அவசரம் என்றால் மட்டும் நேர்க்கண்ணுக்கு வர வேண்டும், அதற்குப் பெயர் அமைதித் தொழில்நுட்பம் என்பார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் சைலன்ட் மோட்.

அந்த வகுப்பில் முப்பிடாதி என்றொரு பெண் இருந்தாள். ஆலங்குளத்துப் பக்கம், பத்தொன்பது வயது, அம்மா மஸ்கட்டில் வீட்டு வேலையில் இருந்தாள், வெள்ளிக்கிழமை மட்டும் பாதிப் பாதியாகக் கேட்கிற போனில் வருவாள். முப்பிடாதிக்கு வராத குரல் இல்லை. பிரின்சிபால் வையாபுரி சாராக “அஃதாவது, மாணவச் செல்வங்களே” என்று தொண்டையைக் கனைத்தால் தாழ்வாரத்தில் நிற்கிறவர்கள் சட்டையை உள்ளே விட்டுக்கொள்வார்கள்; வாசல் செக்யூரிட்டி மாரப்பண்ணன் குரலில் “ஐடி கார்டு எங்கீங்?” என்றால் முதலாமாண்டுப் பிள்ளைகள் பையைத் துழாவும், கேன்டீன் சரசக்கா, நாமக்கல் பஸ் கண்டக்டர், தண்ணீர் லாரியின் ரிவர்ஸ் கியர், எல்லாம் வரும். வகுப்பில் அவளை யாரும் முப்பிடாதி என்று கூப்பிட்டதில்லை, ரேடியோ என்பார்கள். “ஏய் ரேடியோ, வையாபுரி போடு.” போடுவாள். “ரேடியோ, சரசக்கா போடு.” போடுவாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவள் பெஞ்சைச் சுற்றி ஆறு பேருக்குக் குறையாமல் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவின் குரல் ஒன்றைத்தான் அவள் போடமாட்டாள். அதை யாரும் கேட்டதுமில்லை.

திரைக்கு வருவோம். போன வருடம் அந்த வகுப்பு சேர்ந்து பன்னிரண்டடி உயரத்துக்கு ஒரு திரை நெய்தது. சூடு பட்டால் நிறம் மாறுகிற சாயத்தில் தோய்த்த நூல், சூடு பட்டால் சுருளுகிற மெல்லிய கம்பி, இரண்டையும் ஊடாக விட்டு நெய்தால் வெளியே வெயில் ஏற ஏறத் திரையே நிறம் மாறிச் சுருண்டு சொல்லும் என்பது திட்டம். சொல்லவில்லை. கரூர் வெயிலுக்கு அந்தச் சாயம் பிப்ரவரி மாதமே மாற வேண்டியதையெல்லாம் மாறி முடித்துவிட்டு, அதற்குமேல் மாற ஒன்றுமில்லாமல் வெளுத்த வேட்டி மாதிரி நின்றது. எறிய மனம் வராமல் தறிக்கும் மேசைக்கும் நடுவில் தடுப்பாகத் தொங்கவிட்டார்கள். ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கரண்ட் போய் மின்விசிறியெல்லாம் நின்று, இலைகூட அசையாத பகல் பதினொரு மணிக்கு, அந்தத் திரை எழுந்து உட்காருகிற ஆள்போல மெதுவாகச் சாய்ந்தது. சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது.

யாரும் அலறவில்லை. “கம்பி வேலை செய்யுது மேடம்” என்றான் தாரகேஷ், வகுப்பில் அளவு எடுக்கிறவன், பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ் வைத்திருப்பவன். திரை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகத் தரையில் கோடு இழுத்தான். கோடு வாசற்கதவு வழியாக வெளியே போய், தாழ்வாரத்தைத் தாண்டி, கீழே கேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாரப்பண்ணனைக் காட்டியது. மாரப்பண்ணன் எழுந்து மோட்டார் ரூமுக்குப் போனார், திரை கூடவே திரும்பியது. தண்ணீர் குடிக்க வந்தார், கூடவே வந்தது.

அன்று மாரப்பண்ணனை ஊரே சோதித்தது. அவர் போனுக்குப் பேங்கிலிருந்து “அன்பான வாடிக்கையாளரே” என்று ஒரு பதிவுக்குரல் வந்தது, திரை அசையவில்லை. லாரி டிரைவர் ஒருவர் வந்து, “ஏனுங், நீங்க தாந்தோணிமலை மாணிக்கந்தானுங்ளே, எத்தன வருசமாச்சு பார்த்து!” என்று வேறு யாரோ என்று நினைத்து அவர் தோளில் கைபோட்டுக் கால் மணி நேரம் பாசமாகப் பேசி ஒரு லட்டும் கொடுத்துவிட்டுப் போனார், திரை அசையவில்லை. அப்புறம் சரசக்கா கேன்டீன் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “மாரப்பண்ணா, அந்தக் கால் வீக்கம் வத்துச்சுங்களா?” என்று ஒரே ஒரு வரி கேட்டாள். திரை நேரானது.

ஆக விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. இந்தக் கட்டடத்துக்குள் காலையிலிருந்து யாருக்கு, அவர் இன்னார் என்று தெரிந்து அவருக்கென்றே ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையோ, அவர் பக்கம் திரை சாயும். ஆள் மாறிச் சொன்ன வார்த்தை கணக்கில் சேராது. சரி, அப்படியா என்று எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

அதன்பின் அது அன்றாட வேலையாகிவிட்டது. காலையில் வருகிறவர்கள் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தார்கள். “இன்னைக்கு யாரு?” “நூலகத்து அம்மா.” “போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தர்றேன், டீ ஆறாம வையி.” கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்குத் தன் பெயர் இத்தனை பேருக்குத் தெரியும் என்பது அந்த மாதம்தான் தெரிந்தது. ஏற்றுமதிக்காரர்கள் இரண்டு பேர் வந்து திரையை விரலால் தடவிப் பார்த்து, துவைத்தால் சாயுமா சாயாதா, இதே ரகத்தில் நீலம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். பக்கத்துச் சாயப்பட்டறைக்காரர் தன் மாமனாரைக் கொண்டுவந்து திரை முன்னால் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அது அசையாததால் நிம்மதியாகத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். பிரின்சிபால் மட்டும் சும்மா இருக்க முடியாமல் சுற்றறிக்கை விட்டார்.

முப்பிடாதி அதைப் பெஞ்சில் ஏறி நின்று அவர் குரலிலேயே வாசித்தாள். “அஃதாவது, நாள்தோறும் மாலை நான்கு மணிக்குச் சாய்வுப் பதிவேடு எழுதப்படும். சாய்வுக்கு உள்ளானவர் அதில் கையொப்பம் இடுவார். முப்பது கையொப்பம் சேர்ந்தவர் வளாகச் சூழலுக்குப் பொருந்தாதவர் எனக் கருதப்பட்டு, பணியாளராயின் வேடசந்தூர் கிளைக்கு மாற்றப்படுவார், மாணவராயின் பெற்றோர் வசம் அனுப்பப்படுவார். இப்படிக்கு, க்ஹூம், வையாபுரி.” கடைசியில் அவர் போடுகிற தும்மலையும் போட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சுகிர்தா மேடம்கூடத் தலையைக் குனிந்து பேனா மூடியைத் தேடுகிற மாதிரி செய்தார்.

ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து திரை ஜன்னல் பக்கமாகச் சாயத் தொடங்கியது. தாரகேஷ் கோடு இழுத்தான். கோடு நேராகப் போய் சுகிர்தா மேடத்தின் மேசையில் முட்டியது, சாக்பீஸும் அங்கேயே நின்றது. யாருக்கும் ஆச்சரியமில்லை. தனியாகச் சாப்பிடுகிறவர், தனியாகப் போகிறவர், வேறு யார் பக்கம் சாயும்? பிள்ளைகள் வரிசையாகப் போய் வார்த்தை சொல்லிப் பார்த்தார்கள். “மேடம், புடவை நல்லாருக்கு.” “மேடம், தலைவலி போச்சுங்களா?” திரை நேராகவில்லை. அதற்கும் பதில் இருந்தது, கடமைக்குச் சொன்ன வார்த்தையைத் திரை ஏற்காது போல என்றார்கள். மேடம் எழுந்து போர்டுக்குப் போனால் திரை மாரப்பண்ணனைத் தொடர்ந்தது மாதிரி தொடரவில்லை, காலி நாற்காலியையே பார்த்து நின்றது. அதற்கும் தாரகேஷிடம் பதில் இருந்தது. “நல்ல பொருள் சும்மா சும்மா ஆடாது, அசைவைக் குறைக்கணும்னு மேடமே சொல்லிருக்காங்கல்ல? திரை பாடத்தைக் கத்துக்கிச்சு.” எல்லோரும் தலையாட்டிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். வேறு எந்தக் கல்லூரியிலாவது இந்தப் பதில் செல்லுபடியாகியிருக்குமா தெரியாது, அங்கே ஆனது.

தினமும் நான்கு மணிக்குப் பதிவேடு வந்தது. மேடம் ஒருமுறை திரையைப் பார்ப்பார், ஒருமுறை வகுப்பைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார். ஒரு கையெழுத்து, ஐந்து, பதினொன்று, இருபத்திரண்டு.

இருபத்திரண்டாவது அன்று முப்பிடாதிக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. காலை அட்டென்டன்ஸில் ‘முப்பிடாதி’ என்று ஐந்து எழுத்தையும் முழுங்காமல் முழுசாகக் கூப்பிடுகிற ஒரே ஆள் சுகிர்தா மேடம்தான். கூப்பிட்டுவிட்டு அரை நொடி நிமிர்ந்து பார்ப்பார். அதற்குள் அவள் “ப்ரசன்ட் சார்ர்ர்” என்று மாரப்பண்ணன் குரலில் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்துவிடுவாள். அந்த அரை நொடி வேடசந்தூருக்குப் போய்விட்டால் பிறகு தன் பெயர் ஹால் டிக்கெட்டில் மட்டும்தான் இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. “ஒரு கூத்து பண்ணலாமாடா?” என்று மட்டும் கேட்டாள்.

மழை வந்தால் செய்தி அனுப்புகிற குடை ஒன்று செய்வதற்காக வகுப்பு வாங்கிய சிம் கார்டு ஒன்று சும்மா கிடந்தது. மறுநாள் அதைத் தன் போனில் போட்டுக்கொண்டு, தன் பெஞ்சுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே இறங்குகிற இரும்புப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து, மேடத்துக்குப் போன் போட்டாள். ஸ்டுடியோவில் மற்றவர்கள் தறிக்குப் பின்னால் ஒளிந்து காதைத் தீட்டினார்கள். இதோ, சிலிண்டர் வந்துவிட்டது.

“ஏ யம்மா, காஸ் ஏஜென்சியா? சிலிண்டரு பதிஞ்சு பதினாறு நாளாச்சு, நாங்க என்ன வெயில்லயே சோறு பொங்கிக்கிடுவோம்னு நெனச்சியளா?”

மேடம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். “ராங் நம்பர்ங்க. நான் டீச்சர்.”

“என்ன டீச்சரு?”

“சூடு பட்டா மாறுற பொருள்களைப் பத்திச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்.”

“இதுக்கு ஒரு டீச்சரா! சூடு பட்டா எல்லாந்தான மாறும்? எங்க வீட்டுல சூடு பட்டா பாலு மாறும், மாமியா மொகம் மாறும்.”

“இது வேற. ஒரு கம்பி இருக்கு. எப்படி வேணும்னாலும் வளைக்கலாம், முறுக்கலாம். வெந்நீர்ல போட்டா போதும், பழைய உருவத்துக்கே திரும்பிடும்.”

“யாத்தீ! டீச்சர், அது கம்பியில்ல, எங்க வீட்டுக்காரரு! ரெண்டு வருசமா முறுக்கி முறுக்கி ஒரு மனுசனாக்கி வச்சிருந்தேன். அவுக அக்கா ஊர்லேர்ந்து வந்து சூடா ஒரு டம்ளர் காப்பி குடுத்தா, மறு நிமிசம் பழைய உருவம். ஒங்க கம்பிக்காவது வெந்நி வேணும், இவருக்கு வெதுவெதுப்பே போதும்!”

சுகிர்தா மேடம் சிரித்தார். மூன்றாவது பெஞ்சைத் தாண்டாத அந்தக் குரல் சிரிப்பாக மாறித் தறிகளைத் தாண்டி, தாழ்வாரத்தைத் தாண்டி, கேன்டீன் வரைக்கும் போனது, சரசக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தறிக்குப் பின்னால் இருந்தவர்கள் வாயில் துணியை அடைத்துக்கொண்டார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடம் கேட்டார்: “உங்க பேரு என்ன?”

“எசக்கி.”

“சாப்பிட்டீங்களா எசக்கியக்கா?”

அப்போது திரை, அந்த ஆகஸ்ட் மாதத்தில் முதல்முறையாக, நேரானது.

படிக்கட்டிலிருந்து உள்ளே வந்தவளைப் பையன்கள் தூக்காத குறை. “ரேடியோ, நீ ஆளில்ல, ஸ்டேஷனு!” என்றான் தாரகேஷ். அன்று நான்கு மணிக்குப் பதிவேட்டில் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அன்று முதல் தினமும் மூன்றரை மணிக்கு ஆலங்குளத்து எசக்கி பேசினாள். எசக்கிக்கு ஓர் ஆடு வந்தது, ஆட்டுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, நாத்தனார் வந்தாள், போனாள். மேடம் ஆட்டை விசாரிப்பார், நாத்தனாரை விசாரிப்பார், எல்லாம் விசாரித்துவிட்டு எசக்கியையும் விசாரிப்பார்.

“தூக்கம் வருதா?”

“எங்க டீச்சர். கண்ண மூடுனா மூடுன மாதிரியே கெடக்கு.”

“பக்கத்துல பேச ஆள் இல்லையா?”

“ஆளா? வீடு நெறைய ஆளு. எல்லாரும் என்னையச் சுத்தித்தான் நிக்காவ. என்னையப் பாத்து ஒரு வார்த்த கேக்கத்தான் ஆளில்ல.”

வசனம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் முப்பிடாதி. எசக்கிக்கு வரவர வசனம் அதுவாகவே வந்தது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேடம் அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சில நாள் பேச்சுக்கு நடுவில் படிக்கட்டின் கீழே கட்டடத்துக் காக்கா கத்துவது இருவர் போனிலும் கேட்டது. பேசி முடித்து அவள் சத்தமில்லாமல் பெஞ்சுக்கு வந்து உட்காரும்போது, பாவம், நான் இல்லாவிட்டால் இந்த அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று நெஞ்சு லேசாக விம்மும். கையெழுத்து இருபத்திரண்டிலேயே நின்றது.

செப்டம்பர் கடைசியில் சுகிர்தா மேடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒருநாள் லீவு போட்டார். அன்று காலை திரை சாய்ந்தது. அதே கோணம், அதே ஜன்னல் பக்கம். வகுப்பு சிரித்தது, “நாற்காலிக்கே பேச ஆளில்லடா” என்றார்கள். முப்பிடாதி நாற்காலியின் குரல் எப்படியிருக்கும் என்று கிறீச்சிட்டுக் காட்டினாள். மாலை மூன்றே முக்காலுக்குப் பதிவேட்டோடு பிரின்சிபாலே வந்துவிட்டார்.

“அஃதாவது, ஆளே இல்லை. பின்னே எதற்குச் சாய்கிறது?”

தாரகேஷ் பழைய கோட்டின் மேல் குனிந்தான். இரண்டு மாதமாகக் கோடு முட்டி நின்ற மேசையைப் பார்த்தான். அப்புறம், அளவு எடுக்கிறவனுக்குத் தன் தப்பு தெரியும்போது காது சிவக்குமே, அப்படிச் சிவந்து, மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய் அந்தப் பக்கம் கோட்டை நீட்டினான். கோடு நேராகப் போய், ஜன்னலோரக் கடைசிப் பெஞ்சின் கீழே, முப்பிடாதியின் செருப்பில் முட்டியது.

“ரேடியோ மேலயா?” என்றது வகுப்பு. “ஏய் போடா! நாளெல்லாம் இவகூடத்தான பேசறோம்? காலைல மட்டும் நாப்பது தடவ வையாபுரி...” சொன்ன பெண் பிரின்சிபாலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பிடாதி எழுந்து இடப்பக்கம் நகர்ந்தாள். திரை நகர்ந்தது. வலப்பக்கம் நகர்ந்தாள். திரை நகர்ந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். “ஐடி கார்டு எங்கீங்?” என்று திரையைப் பார்த்து அதட்டினாள், யாரும் சிரிக்கவில்லை. தாரகேஷ் வந்து, “ஏய்... நீ... சாப்ட்டியா ரேடியோ?” என்று கேட்டான். திரை அசையவில்லை. பிரின்சிபால் பேனாவைத் திறந்து, “உன் பேர் என்னம்மா?” என்றார்.

இதிலிருந்து தப்பிக்க அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருங்க சார், இது மேடத்தோட திரைதான், ஒரு நிமிசத்துல நேராக்கிக் காட்டுறேன் என்று போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசை மேல் வைத்தாள்.

“ஏ டீச்சர்! எசக்கி பேசுதேன்!”

மறுமுனையில் பஞ்சு வைத்த வாயிலிருந்து வீங்கிய குரல் வந்தது. “சொல்லுங்க எசக்கியக்கா. இன்னைக்கு நான் கூட இல்லையே, எப்படி இருக்கீங்க? மத்தியானம் சாப்பிட்டீங்களா?”

திரை நேரானது.

வகுப்பு ஓவென்று கத்தியது, பிரின்சிபால் பேனாவை மூடினார், தாரகேஷ் கைதட்டினான், முப்பிடாதியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. மேடம் இங்கே இல்லை. சாய்ந்தது தன் பக்கம். ஆள் மாறிச் சொன்ன வார்த்தைக்குத் திரை நேராகாது, லட்டோடு வந்த டிரைவருக்கு நேராகவில்லையே. இந்த வார்த்தை எசக்கிக்குச் சொன்னது என்றால் எப்படி நேரானது? அன்றைக்கு நேரானதே, அதுவும் எப்படி? தினமும் மூன்றரைக்கு நேரானதே? அவள் கண் மேசை மேல் இருந்த பதிவேட்டுக்குப் போனது. தான் போட்டிருக்க வேண்டிய இருபத்திரண்டு கையெழுத்து, ஒவ்வொன்றையும் மேடம் திரையை ஒருமுறையும் வகுப்பை ஒருமுறையும் பார்த்துவிட்டுப் போட்டது, ‘மாணவராயின் பெற்றோர் வசம்’ என்று அவளே பெஞ்சில் ஏறிச் சிரிக்கச் சிரிக்க வாசித்த அதே பதிவேட்டில்.

“லைன்ல இருக்கீங்களா?” என்றது போன். “வைக்கலை. நான் இருக்கேன்.”

வையாபுரியைத் தேடினாள், வரவில்லை. மாரப்பண்ணனைத் தேடினாள், சரசக்காவைத் தேடினாள், எசக்கியைத் தேடினாள், தொண்டையில் ஒருவரும் இல்லை.

“மேடம்,” என்றாள், “முதல் நாளே தெரியுமா?”

அது யாருடைய குரல் என்று வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை.